எல்லாருக்கும் ஒரு தலைப்பு

மதாம் முதன்முதலில் எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்த அன்று, கண்ணாடி வாங்குவதற்கு முன்னால் என் நோட்டைத் திருத்தினார். பெயர், செல் நம்பர், பவர் என்று மூன்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். நெல்லித்தோப்பில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, எதைப் படிப்பதற்காகக் கண்ணாடி என்று ஒரு கட்டம் ஏன் இல்லை என்றார். பேப்பர் படிக்கிறவர் மடியில் வைத்துப் படிக்கிறார், பாட்டுப் புத்தகம் பார்க்கிறவர் கையை நீட்டிப் பிடிக்கிறார், இரண்டுக்கும் ஒரே தூரமா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. என் ஸ்கேலையே வாங்கி நான்காவது கோட்டை அவரே இழுத்தார். முதல் ஆளாகத் தன் பெயருக்கு நேரே ‘கீர்த்தனைப் புத்தகம், நின்றுகொண்டு’ என்று எழுதினார். அந்தக் கட்டம் எங்கள் கடையில் இன்றும் இருக்கிறது.

ஊரில் எல்லோருக்கும் அவர் மதாம்தான். நகராட்சியில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பதிவேட்டில் எழுதும் வேலையிலேயே தலை நரைத்தவர். பிரெஞ்சுக்காரன் போய் இத்தனை வருஷம் ஆன பிறகும் அந்தப் பிரிவை ‘எத்தா சிவில்’ என்றுதான் சொல்வார். அந்தப் பதிவேட்டில் ஒரு தாத்தாவின் பெயர் இருந்தால் எங்கள் ஊரில் ஒரு குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிப் பாரீசுக்கு விமானம் ஏறும். இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள வில்லியனூருக்குப் பஸ் ஏறும். அதனால் ஒரு பெயர் விட்டுப்போவது என்பது அவர் கணக்கில் கொலைக்குற்றத்துக்கு ஒரு படி கீழே. “என் கையால ஒரு பேரு விட்டுப்போனதில்ல தம்பி” என்று நான் கேட்காமலே பலமுறை சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிரும்.

வீட்டிலும் அப்படித்தான். அடுக்களையில் இரண்டு மிளகாய்த்தூள் டப்பா இருக்கும். ஒன்றில் ‘நமக்கு’ என்றும் மற்றதில் ‘விருந்தாளிக்கு’ என்றும் சீட்டு ஒட்டியிருக்கும். வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கப் போனால், விற்கிற பெண்ணின் பெயரையும் அவள் அம்மாவின் பெயரையும் கேட்ட பிறகுதான் விலை கேட்பார். வலையில் சில்லறையாக விழுந்த பல ஜாதி மீனை ஒரே கூறாகப் போட்டு வைத்திருந்தால் அதைத்தான் வாங்குவார். வீட்டுக்கு வந்து வறுக்க, குழம்பு வைக்க, பூனைக்கு என்று மூன்றாகப் பிரித்து வைத்த பிறகுதான் முகம் கழுவுவார். இப்போது பிரான்சில் மகளோடு இருக்கிறார். அந்தப் பெண்ணின் ஃப்ரிட்ஜில் என்னென்ன சீட்டு ஒட்டியிருக்கிறாரோ, தெரியவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு அந்தக் கை சும்மா இருக்குமா? ஊரில் நாலைந்து சபைகள் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை கிறிஸ்தவப் பாட்டு ஆல்பங்களுக்கு அவார்டு கொடுப்பார்கள். கிராமிய மெட்டு, மேற்கத்திய மெட்டு, கீர்த்தனை என்று மூன்றே பரிசு. மதாம் அதற்குச் செயலாளர் ஆனார். முதல் வருஷம் ஏழு ஆல்பம் வந்தது. மூன்று பேர் கோப்பையோடு போனார்கள், நாலு பேர் வெறுங்கையோடு படியிறங்கினார்கள். அந்த நாலு பேரின் முதுகைப் பார்த்ததிலிருந்து தனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த வருஷம் தலைப்புகள் பெருக ஆரம்பித்தன. பைக்கில் போகும்போது கேட்கச் சிறந்த ஆல்பம். கணவனும் மனைவியும் சேர்ந்து பாடிய சிறந்த ஆல்பம். மழைக்காலத்தில் பதிவான சிறந்த ஆல்பம். யார் எதை அனுப்பினாலும் அதை ஒரு முறை முழுக்கக் கேட்பார், கன்னத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பார், பிறகு “வொலா” என்பார். கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கடை வேலை போக நானும் சபையில் பாடுகிறவன். என் முதல் ஆல்பத்துக்கு ‘அட்டைப்படத்தில் கடல் உள்ள சிறந்த ஆல்பம்’ என்ற பரிசு கிடைத்தது. போட்டிக்கு ஆளே இல்லை. மற்ற எல்லோரும் ஆட்டுக்குட்டி போட்டிருந்தார்கள். அடுத்ததற்கு ‘சிறந்த இரண்டாவது ஆல்பம்’ கிடைத்தது.

கடைசியாக அப்படி நடந்த விழாவில் பன்னிரண்டு ஆல்பத்துக்குப் பத்தொன்பது பரிசு. கை தட்ட ஆளில்லை, எல்லோர் கையிலும் கோப்பை. சங்கத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் சர்க்கரை நோயாளி. பதினோராவது பரிசைக் கொடுத்துவிட்டு நடுவில் பிஸ்கட் தின்ன எழுந்து போய்விட்டார். மதாம் மட்டும் களைக்கவே இல்லை. ஒவ்வொருவரும் பல்லைக் காட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தெம்பு ஏறும்.

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். கடல் படத்துக்குக் கிடைத்த கோப்பையை மாமனார் வீட்டில் என்னவென்று சொல்லிக் காட்டுவது? ஒரு நாள் பொறுக்காமல், என் பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் அசராமல், “நல்லா இல்லாததுக்கு நான் இன்னும் தலைப்பு வெக்கல தம்பி” என்றார். அது பாராட்டா, திட்டா என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

எனக்கும் மனைவிக்கும் அமெரிக்க நாட்டுப்புற தேவாலயப் பாட்டுகளில் ஒரு பைத்தியம் உண்டு. பேஞ்சோ, மாண்டலின், கிட்டார் எல்லாம் மலைச்சரிவில் ஓடுகிற மாதிரி விரட்டிக்கொண்டு போகும், மேலே நாலு குரல் நிதானமாகப் பாடும். அதைத் தேடிப் படித்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அங்கே பெரிய இசை விருது ஒன்றில் தெற்கத்தித் தேவாலயப் பாட்டு, கன்ட்ரி பாட்டு, புளூகிராஸ் என்கிற மலைப்பாட்டு மூன்றையும் ஒரே தலைப்பில் அடைத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பரிசு கொடுக்கிறார்கள். இதை மதாமிடம் சொன்னேன். கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். “அலோர், அந்த ஊர்ல பேப்பருக்குப் பஞ்சமா?” என்று கேட்டார். ‘அலோர்’ என்பது அவர் பேச்சில் ‘அப்படியானால்’. அன்று முழுக்க அந்த நாட்டின் மேல் அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது.

மூன்றாவது ஆல்பத்தை அந்த மெட்டிலேயே செய்வது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். பேஞ்சோவுக்கு எங்கே போவது? கனகசெட்டிக்குளத்திலிருந்து செல்வமணி வந்தான். மீன்பிடிக்கிற குடும்பம். அண்ணன் படகில் போகிறான், இவன் திருவிழா மேடைகளில் லைட் மியூசிக் குழுக்களோடு மாண்டலின் வாசிக்கிறான். நான் போனில் போட்டுக் காட்டிய பேஞ்சோ சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பழைய ரீசார்ஜ் கார்டு ஒன்றை நகவெட்டியால் வெட்டி, அதைக்கொண்டு மாண்டலினில் தந்தி முடிகிற இடத்துக்கு ஒட்டினாற்போல் தட்டினான். வறண்ட, குதிக்கிற ஒரு சத்தம் வந்தது. என் மனைவி பாடவேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் சிரித்தாள். எட்டுப் பாட்டிலும் அவன்தான் உயிர். நான் பாடியதையும் கிட்டார் வாசித்ததையும் எடுத்துவிட்டால் ஆல்பம் நிற்கும். அவனை எடுத்தால் நிற்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இனி அந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதாம் கையாலேயே கட்டம் போட்டு ஜெராக்ஸ் எடுத்தது. ஆல்பத்தில் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர், தகப்பனார் பெயர், தாயார் பெயர், அப்புறம் தேதி, கடைசியில் என்ன செய்தார் என்பது. பதிவேட்டில் பிறந்த தேதி வருகிற இடத்தில், இது சபைக் காரியமாயிற்றே என்று ‘ஞானஸ்நானத் தேதி’ என்று மாற்றி வைத்திருந்தார். அடியில் ஒரு குறிப்பு இருக்கும்: ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த வரி செல்லாது. பதிவேட்டு ஆளின் புத்தி அப்படித்தான் போகும்.

செல்வமணி கடைக்கே வந்து பேனாவை வாங்கினான். பெயர் எழுதினான், அப்பா பெயர் ஏழுமலை, அம்மா பெயர் அஞ்சலை எழுதினான். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. இதில் என்ன எழுதுவது என்று கேட்டான். நான் வாடிக்கையாளருக்குக் கண்ணாடிக் காலை முறுக்கிக்கொண்டே, அந்த வரியை அடித்துவிடு, உன் பெயரைப் போடாமல் கொடுத்துவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். பொய் இல்லை. என் முதல் இரண்டு ஆல்பத்திலும் தபலா வாசித்தவர் லாசுப்பேட்டைக்காரர், நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே வராதவர். அவர் பெயரை நான் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

செல்வமணி பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

“அப்ப நான் வாசிக்கலையாண்ணா?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவனைப் போலத்தான் கேட்டான். அதுதான் என்னை அறைந்தது. பிறகு அவனே சொன்னான். திருவிழா மேடையில் பாடகர் பெயர் சொல்வார்கள், ஸ்பான்சர் பெயர் சொல்வார்கள், ஜெனரேட்டர் கொடுத்தவர் பெயரைக்கூடச் சொல்வார்கள். இவனை ‘மாண்டலின் தம்பி’ என்பதோடு சரி. இந்த விழாவில் எல்லோர் பெயரையும் முழுசாகப் படிப்பார்கள் என்று நான் முன்பு சொன்னதை நம்பி, அம்மாவிடம் சொல்லிவிட்டான். அந்தம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாராம். இப்போது போய் என்ன சொல்வது?

அன்று மத்தியானமே மதாம் வீட்டுக்குப் போனேன். கேட்டதும் அவர் கலங்கவில்லை. கன்னத்தில் பேனா போயிற்று, உடனே “வொலா” வந்தது. ‘சிறந்த நட்பு வாத்தியம்’ என்று ஒரு தனிப் பரிசு, அதற்குத் தனி விண்ணப்பம், அதில் அந்தத் தேதிக் கட்டமே கிடையாது. எனக்கும் மனசு லேசாகிவிட்டது. செல்வமணிக்குப் போன் செய்து கோப்பையே கிடைக்கப்போகிறது என்றேன். அவன் மதாம் வீட்டு விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மதாம் வழக்கம்போல் அம்மா பெயரைக் கேட்டு, உட்காரச் சொல்லி, பன் ரொட்டியும் காப்பியும் வைத்தார். அவன் காப்பியைத் தொடாமல் பேசினான்.

“மேடம், எனக்குத் தனியா ஒண்ணும் வேணாம். நான் தனியா வாசிக்கல. இவங்ககூடத்தான் வாசிச்சேன். இவங்க பேருக்குக் கீழ எழுதுனா போதும்.”

மதாமுக்குப் புரியவில்லை. தலைப்பு பிடிக்கவில்லையென்றால் வேறு வைக்கலாமே என்றார். அவன் தலையை ஆட்டினான். அவருக்கு என்ன தோன்றியதோ, உன்னை மாதிரி இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். செல்வமணி சிரித்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். போன வருஷம் கீர்த்தனைப் பரிசு வாங்கிய ஆல்பத்தில் புல்லாங்குழல். அதற்கு முந்தின வருஷம் கிராமிய மெட்டில் பம்பையும் நாதஸ்வரமும். பைக்கில் கேட்கச் சிறந்த ஆல்பத்தில் டிரம்ஸ். ஒரு கை விரல் முடிந்து அடுத்த கைக்குப் போனான். எல்லோரும் அவனுக்குத் தெரிந்தவர்கள், ஒரே மேடைகளில் வாசிப்பவர்கள். என் தபலாக்காரரின் பெயரும் அதில் வந்தது. நான் காப்பியைக் குடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“எல்லா ஆல்பத்துலயும் ஒருத்தன் இருப்பான் மேடம். பேருதான் இருக்காது.”

மதாம் எழுந்து போய்ப் பழைய விண்ணப்பக் கட்டுகளை எடுத்துவந்து, கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லா வரிகளும் எல்லாக் கட்டத்தோடும் நிரம்பி, அப்பழுக்கில்லாமல் இருந்தன. கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்து, “இவ்ளோ பேர விட்டிருக்கேன் தம்பி, என் கையாலயே” என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. விட்டதில் என் கையும் உண்டு என்று அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாள் என் போன் ஓயவில்லை. இந்த ஆல்பத்தில் நாலாவது பாட்டில் மணிச்சத்தம் யார்? அந்த ஆல்பத்தில் ஷெனாய் மாதிரி வருகிறதே, அது மனிதரா கீபோர்டா? மதாம் பழைய பாட்டுகளை மறுபடி முழுக்கக் கேட்டு, சத்தத்தை வைத்து ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாததைச் செல்வமணியிடம் கேட்டார். அவனுக்குத் தெரியாத ஆளே இல்லை.

நாலாம் நாள் சங்கக் கூட்டம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மினிட்ஸ் எழுத என்னைக் கூட்டிப் போனார். ஞானஸ்நானக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னார். தலைவர் தயங்கினார். ஞானஸ்நானம் வாங்காதவர்கள் வாசித்தால் அது எப்படி நம் அவார்டு ஆகும் என்பது அவர் கேள்வி. பாட்டு யாரைப் பற்றியது என்பது கேட்டால் தெரிந்துவிடும், வாசித்தவர் யார் என்பதைத்தான் எழுதிவைக்க வேண்டும் என்றார் மதாம். அந்தக் கட்டத்தைச் சங்கம் கேட்கவில்லை, நான்தான் போட்டேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னார். தலைவர் யோசித்தார். அவருக்குச் சண்டை பிடிக்காது. எல்லோருக்கும் நல்லதாக ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னார்.

“அப்படின்னா ஒண்ணு பண்ணலாம் மதாம். அந்த மாதிரி ஆல்பத்துக்குன்னு தனியா ஒரு தலைப்பு போட்டுடுங்க. உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாச்சே.”

கெட்ட எண்ணம் துளியும் இல்லாத பேச்சு. நான்கு நாள் முன்பு என்றால் மதாமே அதைத்தான் சொல்லியிருப்பார். இப்போது முன்னாலிருந்த தலைப்புப் பட்டியலை, அதில் இருந்த இருபத்துச்சொச்சம் பரிசுகளை, மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தார். பேனாவை மூடினார்.

“தலைப்பே வேணாம்” என்றார். “தலைப்பு போட்டா தனியா ஒதுக்கறதுதான். எல்லாம் ஒண்ணா வரட்டும். ஒரே பரிசு. அமெரிக்காவுலயே அப்படித்தான் குடுக்கறாங்க.”

அறையில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தோம். ஒரே பரிசு என்றால் மற்றவர்கள் எல்லோரும் தோற்பார்களே என்று தலைவர் ஞாபகப்படுத்தினார். தெரியும் என்றார் மதாம். தெரிந்து சொன்னார் என்பது முகத்திலேயே இருந்தது. பாவம், அவருக்கு அது பல் பிடுங்குகிற வலி.

நடுவர்களாகக் கடலூரிலிருந்து மூன்று பேரை வரவழைத்தார். யாரையும் எங்களுக்குத் தெரியாது. விழாவன்று மாலை ஹாலில் முதல் முறையாக ஒரு பயம் இருந்தது. போன வருஷம்வரை கோப்பையை எந்தப் பையில் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போனாள். செல்வமணியின் அம்மா புதுப்புடவையில், முதல் வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவாலய ஹாலுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவையாம்.

பரிசுக்கு முன்னால் மதாம் மைக்கைப் பிடித்துப் பெயர்களைப் படித்தார். பாடியவர் மட்டுமில்லை, மணி அடித்தவர்வரை. முதலில் விட்டுப்போன பழைய பெயர்கள், அதில் என் தபலாக்காரர். அப்புறம் அந்த வருஷத்து ஆல்பங்கள். பதிவேட்டில் எழுதிய பழக்கத்தில் அப்பா, அம்மா பெயரோடு படித்தார்.

“செல்வமணி. தகப்பனார் ஏழுமலை. தாயார் அஞ்சலை. மாண்டலின்.”

அந்தம்மா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். ஏதோ அலுவலகத்தில் போல, பெயர் கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். கூட்டம் சிரித்தது, பிறகு கை தட்டியது. அன்று எல்லோர் கையும் காலியாக இருந்ததால் சத்தம் பலமாகவே வந்தது. அவர் நின்றபடியே மேடையைப் பார்த்துக் கும்பிட்டார். செல்வமணி தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

அப்புறம் பரிசு. கொடுத்தது முத்தியால்பேட்டைக்கார நான்கு சகோதரிகளின் கீர்த்தனை ஆல்பத்துக்கு. எங்களுக்கு இல்லை. இந்த முறை நிச்சயம் என்று நான் மனசுக்குள் மேடைவரை நடந்தே போயிருந்தேன், அங்கிருந்து திரும்பி வருவது கஷ்டமாகத்தான் இருந்தது.

விழா முடிந்து எல்லோரும் இறங்கும்போது மதாம் வாசல் பக்கமாக நின்றுகொண்டிருந்தார். தோற்றவர்களின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. எங்களைக் கண்டதும், கோபமில்லையே தம்பி என்று செல்வமணியிடம் மெதுவாகக் கேட்டார். பெயர் வந்ததே போதும், ரொம்ப நன்றி என்று அவன் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

“கோவந்தான் மேடம். அவங்களவிட எங்க ஆல்பம் நல்லாருந்துச்சு. மூணாவது பாட்ட அந்த ஜட்ஜுங்க முழுசா கேட்டாங்களான்னே எனக்கு சந்தேகம்.”

அவன் அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தார். மதாமோ அவனையே பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை, பத்தொன்பது கோப்பை கொடுத்த அன்றும்கூட.

“சந்தேகம்னா எழுதிக் குடு” என்றார். கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளும் தன் பேனாவும் எடுத்து நீட்டினார்.

செல்வமணி அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து எழுதினான். முன்பக்கம் முழுக்க, பின்பக்கம் பாதி. மதாம் பக்கத்தில் நின்று அதை வாங்கி, நிதானமாகப் படித்து, அடியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டார்.